பொங்கலுக்குப் படகில் விருந்தாளிகள்: கேள்வி பதில்

மலேசியாவின் லங்காவி, தாய்லாந்தின் புக்கெட் பக்கம் பாய்மரப் படகையே வீடாக்கிக்கொண்ட நம்மவர்கள் சிலர் இருக்கிறார்கள். ஆண்டிறுதியையும் பொங்கலையும் அவர்களோடு கழிக்கச் சென்னையிலிருந்து கிளம்பும் நண்பர்கள் அதைவிட அதிகம். இரண்டு தரப்பும் அனுப்பிய கேள்விகள் இங்கே. கணக்கெல்லாம் 40 அடி மோனோஹல் (ஒற்றை உடல்) படகு, குடியிருப்பவர் 2 பேர், விருந்தாளிகள் 4 பேர் என்று வைத்துப் போட்டவை. உங்கள் படகு வேறு அளவு என்றால் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள்.

மயிலாப்பூரிலிருந்து: அண்ணா, இதுக்கு ஏன் லங்காவி வரைக்கும் போகணும்? நண்பர் படகைச் சென்னைக்கே கொண்டுவந்தா மெரினா எதிரே நிறுத்தி நாலு நாள் இருக்கலாமே?

முடியாது. சென்னைக் கரை திறந்த கரை. அலையை மறைக்க வளைகுடாவும் இல்லை, தீவும் இல்லை. துறைமுகமே அலைதடுப்புச் சுவர் கட்டி உண்டாக்கியதுதான். வெளியே நங்கூரம் போட்டால் ராத்திரி முழுக்கப் படகு பக்கவாட்டில் உருளும், யாரும் தூங்க மாட்டார்கள். துறைமுகத்துக்குள் 1911-ல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. பாய்மரம் பழகவும் பகலில் ஓட்டவும் நல்ல இடம், ஆனால் படகுகளைக் கட்டி நிறுத்தி, உள்ளே குடியிருக்க விடும் துறை அல்ல; அப்படிப்பட்ட துறைக்கும் மெரினா என்றுதான் பெயர். அப்படி ஒன்று வேண்டுமானால் கொச்சியில் போல்காட்டித் தீவில் இருக்கிறது.

வானிலையும் இடம் கொடுக்காது. வர்தா புயல் சென்னையைக் கடந்தது 2016 டிசம்பர் 12. தானே கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது 2011 டிசம்பர் 30, அதாவது புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்னால். அதே வாடைக்காற்று லங்காவிக்கு மலேயத் தீபகற்பத்தின் நிலத்தைத் தாண்டி வருகிறது. அலை எழும்ப அதற்குக் கடல் தூரமே கிடைப்பதில்லை. டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை அங்கே வறண்ட காலம். தீவுகளுக்கு நடுவே கடல் ஏரி மாதிரி கிடக்கும்.

அண்ணா நகரிலிருந்து: "டிக்கெட் எடுங்க, எந்தத் தீவுல ஏறப்போறீங்கன்னு அப்புறம் சொல்றேன்" என்கிறார் நண்பர். இதெல்லாம் ஒரு பதிலா சார்?

பொறுப்பான பதில். தேதியைக் கேளுங்கள், அல்லது இடத்தைக் கேளுங்கள், இரண்டையும் சேர்த்துக் கேட்காதீர்கள் என்பது படகுக்காரர்களிடையே பழைய வழக்கு. விமான நிலையத்தில் ஆள் காத்திருக்கிறார் என்பதற்காகப் போகக்கூடாத காற்றில் கிளம்பித்தான் பாய் கிழிகிறது, நங்கூரம் இழுபடுகிறது. ஏறுவதும் இறங்குவதும் ஒரே மெரினாவில் இருக்கட்டும். திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு படகு மெரினாவில் கட்டியிருக்க வேண்டும்.

இன்னொன்று: லங்காவியில் ஏறித் தாய்லாந்தில் இறங்கலாம் என்று ஆசைப்பட்டால் நீங்கள் பயணி அல்ல, படகின் ஆள் பட்டியலில் ஒருவர். குடியேற்ற முத்திரையிலிருந்து எல்லாமே அந்தப் பட்டியல் வழியாகத்தான் நடக்கும், அதில் ஒரு நாள் போய்விடும். நாலு நாள் விடுமுறைக்கு இது வேண்டாத வேலை.

வேளச்சேரியிலிருந்து: தண்ணிக்கு எவ்வளவு கணக்கு வைக்கணும்?

டேங்க் 400 லிட்டர். நகரவாசிக்கு அரசு வகுத்த அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். வீட்டுப் பழக்கத்தோடு 6 பேர் ஏறினால் அரை நாளில் டேங்க் காலி. ஆளுக்கு 20 லிட்டர் என்றால் மூன்று நாள் தாக்குப்பிடிக்கும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது டேங்க் கணக்கோடும் ஒத்துப்போகிறது. 12 லிட்டருக்கு இறக்கினால் ஐந்து நாள். 2019 கோடையில் மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடத்தோடு நின்றவர்களுக்கு இது சுலபம்தான்.

குளியலுக்குக் கடலில் இறங்கி சோப்பு போட்டு, ஏணியில் நின்று 2 லிட்டர் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவினால் போதும். பாத்திரத்தைக் கடல் நீரில் தேய்த்து, கடைசி அலசலுக்கு மட்டும் டேங்க் தண்ணீர். குடிக்க ஆளுக்கு 3 லிட்டர் தனிக் கேனில் இருக்கட்டும். யாரும் குழாய் திறக்காதபோது பம்ப் விட்டு விட்டு ஓடுகிற சத்தம் கேட்டால் எங்கோ ஒழுகுகிறது. உடனே பம்ப் சுவிட்சை அணைத்துவிட்டுத் தேடுங்கள். தூக்கத்தில் கவனிக்காமல் விட்டால் காலையில் டேங்க் தரை தட்டியிருக்கும்.

சாப்பாட்டுக்கு வாழை இலை கொண்டுபோவது நல்ல யோசனை, பாத்திரம் கழுவும் வேலை பாதி போய்விடும். காக்பிட்டில் (மேலே திறந்த உட்காரும் இடம்) காற்று இலையைத் தூக்கும் என்பதால் தட்டின் மேல் ஈரத்துணி, அதன் மேல் இலை.

பெரம்பூரிலிருந்து: டாய்லெட் பத்தி அங்க போனா வெட்கப்பட்டு கேக்க முடியாது, அதான் இங்கேயே கேட்டுடறேன்.

வெட்கப்படாமல் கேட்டீர்களே, இது ஒன்றுதான் விடுமுறையைப் பாழாக்கும். நீங்கள் சாப்பிட்டு ஜீரணித்ததைத் தவிர எதுவும் உள்ளே போகக்கூடாது. டிஷ்யூ, நாப்கின், முடி எல்லாம் குப்பைப் பைக்கு. தண்ணீரில் கழுவும் நம் பழக்கம் படகுக்கு மிகவும் தோது, பேப்பரே தேவையில்லை.

கைப்பம்ப் என்றால் கிண்ணம் காலியானதும் நிறுத்திவிடாதீர்கள். குழாய் இரண்டு மூன்று மீட்டர் நீளம். 15 முதல் 20 தடவை கூடுதலாகப் பம்ப் அடித்தால்தான் உள்ளிருப்பது டேங்க் போய்ச் சேரும். பாதி வழியில் நின்றால் நாற்றமும் அடைப்பும். கடைசியில் நெம்பை 'உலர்' பக்கம் திருப்ப மறக்கக்கூடாது, இல்லாவிட்டால் கிண்ணத்தில் கடல் நீர் ஏறலாம்.

கழிவு டேங்க் 70 லிட்டர் என்று வையுங்கள். ஒரு தடவைக்கு இரண்டரை லிட்டர், 6 பேர், ஆளுக்கு 5 தடவை: 75 லிட்டர். ஒரே நாளில் நிரம்பிவிடும்! பம்ப் திடீரென்று கனமாக அடித்தால் பலத்தைக் காட்டாதீர்கள். டேங்க் நிரம்பியிருக்கும், அல்லது காற்றுக்குழாய் அடைத்திருக்கும். அழுத்தினால் குழாய் கழன்று கேபினுக்குள் வரும். என்ன வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

திருவல்லிக்கேணியிலிருந்து: பொங்கல் அன்னைக்கு பால் பொங்கணும்னு அம்மா உறுதியா சொல்லிட்டாங்க. படகு அடுப்புல முடியுமா?

முடியும், ஆனால் படகில் பால் பொங்குவது ஒரு கேஸ் பிரச்சினை என்பதைப் புரிந்துகொண்டு செய்யுங்கள். பால் பர்னரில் வழிந்து தீ அணைந்தால், அடுப்பில் தீ அணைந்ததும் தானே மூடும் வால்வு சரியாக வேலை செய்யாதபோது, கேஸ் வந்துகொண்டே இருக்கும். எல்பிஜி காற்றைவிடக் கனம். வீட்டில் ஜன்னல், கதவு வழியே வெளியேறும். படகிலோ தண்ணீர் புகாத தொட்டி மாதிரியான உடலின் அடியில் போய்த் தேங்கும். பிறகு ஃபிரிட்ஜ் கம்ப்ரசரின் ஒரு பொறி போதும்.

எனவே பர்னர் மேல் விளிம்புள்ள 30 செ.மீ. தோசைக்கல்லை வையுங்கள். அதன் மேல் வாய் குறுகிய முக்கால் லிட்டர் பாத்திரம், அதில் அரை லிட்டர் பால். அகன்ற பாத்திரத்தில் பால் எழும்ப நேரமாகும், குறுகிய வாயில் சட்டென்று ஏறும். வழிவது தோசைக்கல்லில் விழும், பர்னருக்குப் போகாது. கல் சூடேற வேண்டும் என்பதால் வழக்கத்தைவிட நேரம் கூடும், தீயைக் கூட்டி அவசரப்படுத்த வேண்டாம். பாத்திரத்தை இருபுறமும் கிளாம்பில் இறுக்குங்கள். ஒருவர் கை அடுப்புக் குமிழியிலேயே இருக்கட்டும். "பொங்கலோ பொங்கல்" சத்தம் வந்ததும் மூடிவிடலாம். சர்க்கரைப் பொங்கலைத் தனியாகக் குக்கரில் வைத்துக்கொள்ளுங்கள். மூடி பூட்டிக்கொள்வதால் படகுக்குக் குக்கரைப் போல் பத்திரமான பாத்திரம் கிடையாது, கேஸும் மிச்சம்.

மீறித் தீ அணைந்துவிட்டால்: குமிழியை மூடு, சிலிண்டரை மூடு, மேல்கதவுகளைத் திற. விளக்கு, ஃபேன், எஞ்சின் எந்தச் சுவிட்சையும் தொடாதே. போட்டிருப்பதை அணைக்கவும் கூடாது. அடியில் தேங்கிய கேஸைக் கையால் அடிக்கும் பில்ஜ் பம்பால் (படகின் அடியில் சேரும் நீரை இறைப்பது) வெளியேற்றலாம், மின்சாரப் பம்பைப் போடவே கூடாது. வாசனை முழுக்கப் போகும்வரை எல்லோரும் மேலே.

வடையையும் கேட்பீர்கள். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி படகில் வேண்டாம். பக்கத்தில் ஒரு ஃபெர்ரி விரைந்து போனாலே அலை வந்து ஆட்டும். பணியாரக் கல்லில் சுட்டுக்கொள்ளுங்கள்.

குரோம்பேட்டையிலிருந்து: மிக்ஸி, கிரைண்டர் ஓடுமா? இன்டக்‌ஷன் அடுப்பு கொண்டுபோலாமா?

முதலில் நண்பரின் இன்வெர்ட்டர் 230 வோல்ட்டா, 110 வோல்ட்டா என்று கேளுங்கள். அமெரிக்கப் படகாக இருந்தால் நம் மிக்ஸி வெறும் சுமை.

12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி 400 ஆம்பியர்-மணி என்றால் பாதியைத்தான் எடுக்கலாம்: 200. ஃபிரிட்ஜுக்கு நாளைக்கு 60, ஃபேன், விளக்கு, பம்ப், போன்களுக்கு 50. நல்ல வெயிலில் 400 வாட் சோலார் சுமார் 120 கொடுக்கும். கணக்கு நூலிழையில் நிற்கிறது. மிக்ஸி 750 வாட், 5 நிமிடம் ஓடினால் 6 ஆம்பியர்-மணிதான்; ஆனால் ஓடும்போது 70 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைவிட அதிகம். 1000 வாட் இன்வெர்ட்டர் அங்கேயே டிரிப் ஆகும். 1500 வாட், அதுவும் ப்யூர் சைன் வேவ் வேண்டும். மற்ற வகையில் மோட்டார் சூடாகும். டேபிள்டாப் கிரைண்டர் 150 வாட்தான், 40 நிமிடத்துக்கு 10 ஆம்பியர்-மணி, மின்சாரம் தாங்கும். ஆட்டத்தில் அதன் கல் தாங்காது. மாவை வாங்கிக்கொள்ளுங்கள், பாத்திரத்தை சிங்க்குக்குள் வைத்துப் புளிக்க விடுங்கள். அந்தச் சூட்டில் நாலு மணி நேரத்திலேயே பொங்கி வழியும்.

இன்டக்‌ஷன் 1800 வாட், 150 ஆம்பியர். வேண்டாம்.

தாம்பரத்திலிருந்து: ஊட்டி பஸ்ஸிலேயே வாந்தி எடுக்கிறவ நான். கடல்ல என்ன ஆவேனோ?

ஊட்டிக்குப் போட்டுக்கொள்ளும் அதே அவோமின் மாத்திரைதான். பஸ் ஏறும்போது போடுகிற மாதிரி படகு ஏறும்போது போட்டால் வேலை செய்யாது. முந்தைய இரவே போட வேண்டும். தூக்கம் வரும், மது கூடாது. கர்ப்பம், வேறு மாத்திரைகள், சின்னக் குழந்தை என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டு. படகு ஓடும்போது கேபினுக்குள் போகாதீர்கள், போனைப் பார்க்காதீர்கள். காக்பிட்டில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். ஓட்டத் தெரிந்தவர் பக்கத்தில் நின்று சுக்கானைக் கொடுத்தால் பாதிப் பேருக்குச் சரியாகிவிடும். இஞ்சி மரப்பா கையில் இருக்கட்டும். வாந்திக்கு வாளிதான், விளிம்பில் குனியக்கூடாது. நின்றபின் ஓஆர்எஸ் சின்னச் சின்ன மடக்காக.

போரூரிலிருந்து: என்ன பெட்டி எடுத்துட்டுப் போகலாம்?

டிராலி வேண்டாம், மடித்து வைக்கும் துணிப் பை. அட்டைப் பெட்டிகளைக் கரையிலேயே பிரித்துப் போட்டுவிடுங்கள், கரப்பான் முட்டை அதில்தான் வரும். பவர் பேங்க் 20,000 எம்ஏஎச் வரை (74 வாட்-மணி) கைப்பையில் போகும், செக்-இன் பையில் கூடாது. பிளக்குக்கு மலேசியாவின் சதுர மூன்று முள் அடாப்டர்.

திருவான்மியூரிலிருந்து: பசங்க தண்ணியை விட்டு ஏற மாட்டாங்க. என்ன பார்த்துக்கணும்?

இறங்கும் முன் ஒரு காய்ந்த இலையைப் போட்டுப் பாருங்கள். அது நடை வேகத்தில் நகர்ந்தால் நீச்சல் இல்லை. படகின் பின்னால் 25 மீட்டர் கயிறு, நுனியில் மிதவை. எஞ்சின் சாவி கப்பல்காரரின் பாக்கெட்டில். அந்தக் கடலில் பெட்டி ஜெல்லி மீன் உண்டு, உயிர் போயிருக்கிறது. உடலை மூடும் நீச்சல் உடை போடுங்கள். பட்டுவிட்டால் தேய்க்காமல், நல்ல தண்ணீர் விடாமல், குறைந்தது 30 விநாடி வினிகரை ஊற்றி, மூச்சைக் கவனித்தபடி கரைக்கு. 2 லிட்டர் வினிகர் காக்பிட்டிலேயே இருக்கட்டும், சமையலறை அலமாரிக்குள் அல்ல.

டிங்கியும் (கரைக்குப் போய்வரும் குட்டிப் படகு) ஆபத்துதான். 3 மீட்டர் டிங்கியில் 4 பேர், எனவே இரண்டு நடை. சென்னையில் கடல் ஏற்ற இறக்கம் 1 மீட்டர் அளவு. அங்கே 3 மீட்டரைத் தொடும். மாலையில் தண்ணீர் விளிம்பில் விட்டுப்போன டிங்கி இரவில் சேற்றுக்கு நடுவே கிடக்கும், அல்லது மிதந்து போயிருக்கும். இரவு திரும்பும்போது எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட், ஓட்டுபவர் கையில் கில் கார்டு (அவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறு), அவர் குடித்திருக்கக் கூடாது.

மாம்பலத்திலிருந்து: டெக்கில் கோலம் போடலாமா?

அரிசி மாவு தாராளமாக. கலர் பொடி வேண்டாம். மஞ்சள் பட்டால் பதற வேண்டாம், வெயிலில் நாலைந்து நாளில் வெளிறிவிடும். நல்லெண்ணெய் தேக்குப் பலகையில் சிந்தினால்தான் தொல்லை. ஊறும் முன் பாத்திர சோப்பால் கழுவுங்கள்.

ராயபுரத்திலிருந்து: புத்தாண்டுக்கு வாணம்? காலாவதியான ஃபிளேர் இருக்காம், அதையாவது கொளுத்தலாமா?

இரண்டும் கூடாது. சிவப்பு ஃபிளேர் என்பது 'உயிருக்கு ஆபத்து, உதவுங்கள்' என்று சொல்லும் தீச்சுடர்ச் சைகை. பார்த்தவர் மீட்புப் படகை அனுப்புவார்.

கே.கே. நகரிலிருந்து: நாங்க நாலு பேரும் ஆளுக்கு இவ்வளவுன்னு நண்பருக்குப் பணம் கொடுத்துடலாமா?

சாமான், மெரினா இரவுக் கட்டணம், டீசல் இவற்றைப் பங்கு போடுங்கள், பில் போட்டு. 'ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு' என்று கொடுத்தால் அது வாடகைப் படகு ஆகிவிடும். தனிப்பட்ட உபயோகத்துக்கு எடுத்த இன்சூரன்ஸ் அதற்குப் பொருந்தாது, உரிமமும் வேறு. ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால், இறங்கும் அன்று சிலிண்டரையும் தண்ணீர் டேங்கையும் நிரப்பிக் கொடுங்கள், படுக்கை விரிப்புகளை மெரினா லாண்டரியில் போட்டு எடுத்து வையுங்கள்.