கல்யாணக் கேசட்டை பென் டிரைவில் ஏற்றித் தரும் தொழில்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கும்பகோணம் பக்கம் அப்பா காலத்திலிருந்து ஸ்டுடியோ நடத்துகிறோம். பாஸ்போர்ட் படம், ஜெராக்ஸ் இரண்டிலும் வரும்படி குறைந்துவிட்டது. போன மாதம் ஒருவர் தன் 1994ஆம் வருடக் கல்யாண வீடியோ கேசட்டைக் கொண்டுவந்து, "செல்போன்ல பாக்குற மாதிரி போட்டுத் தர முடியுமா?" என்று கேட்டார். இதையே தொழிலாகச் செய்யலாமா? என்ன வாங்க வேண்டும், எவ்வளவு வாங்கலாம்?

பதில்: செய்யலாம். ஆனால் இதற்காகக் கடையை மாற்றாதீர்கள். இருக்கிற கடைக்குள் ஒரு மேசை போட்டுத் தொடங்குங்கள். வேலை நிச்சயம் வரும், சீராக வராது. பொங்கல் விடுமுறை, அறுபதாம் கல்யாணம், வீட்டில் ஒரு சாவு, இப்படி ஏதாவது ஒன்றை ஒட்டித்தான் பரணில் கிடக்கும் கேசட்டின் நினைப்பே மக்களுக்கு வருகிறது.

வாய்ப்பு இருப்பதற்குக் காரணம், கேசட்டை ஓட்டும் டெக் புதிதாகக் கிடைப்பதில்லை. ஜேவிசி நிறுவனம் 1976இல் கொண்டுவந்த விஎச்எஸ் முறைக்குக் கடைசிவரை டெக் தயாரித்தது ஜப்பானின் ஃபுனாய். அதுவும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. இப்போது ஓடுகிற டெக் எல்லாமே பழையது. ஆகவே உங்கள் முதலீடு கம்ப்யூட்டரில் இல்லை, டெக்கில் இருக்கிறது. பலர் பெரிய கம்ப்யூட்டரை வாங்கிவிட்டு, டெக்கைக் கடைசியில் கிடைத்த விலைக்கு வாங்குகிறார்கள். அங்கேயே சறுக்கல் தொடங்குகிறது.

டெக் பார்க்கப் போகும்போது நன்றாக ஓடும் கேசட் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். பத்து நிமிடம் ஓட விட்டு, கடைசிவரை முன்னோக்கிச் சுற்றி, திரும்ப முழுதாகப் பின்னோக்கிச் சுற்றிப் பாருங்கள். வெளியே எடுத்ததும் கேசட்டின் மூடியைத் தூக்கி நாடாவின் ஓரத்தைக் கவனியுங்கள். ஓரம் மடிந்தோ சுருங்கியோ இருந்தால் அந்த டெக் வேண்டாம். அது வாடிக்கையாளரின் கேசட்டையும் கடிக்கும். டெக்கின் மேல் தகட்டைத் திறந்து, நாடாவை இழுக்கும் ரப்பர் உருளையைப் பாருங்கள். மங்கலாக இருக்க வேண்டும். கண்ணாடிபோலப் பளபளத்தால் ரப்பர் இறுகிவிட்டது என்று பொருள். நாடா வழுக்கும், சத்தம் அலையும். விஎச்எஸ்ஸின் மேம்பட்ட வகையான எஸ்-விஎச்எஸ் டெக் கிடைத்தால் விடாதீர்கள். சாதாரண கேசட்டையும் அது ஓட்டும், எஸ்-வீடியோ வழியாகப் படத்தின் ஒளியையும் நிறத்தையும் தனித்தனியாக வெளியே தரும். கிடைக்காவிட்டால் மஞ்சள் பின் போதும், தொடங்கலாம். பால் (PAL, நம் ஊர் முறை), என்டிஎஸ்சி (NTSC, அமெரிக்க முறை) ஆகிய இரண்டு வீடியோ முறையும் ஓட்டும் டெக்காக இருக்கட்டும். கனடா, அமெரிக்க உறவினர்கள் அனுப்பிய கேசட் என்டிஎஸ்சியில் இருக்கும்.

ஒரே டெக்கை நம்பிக் கடை போர்டு எழுதாதீர்கள். இரண்டு டெக் வேண்டும். மூன்றாவதாக, பழுதான ஒன்று உதிரிக்குக் கிடந்தால் நல்லது.

கேசட்டைக் கையில் வாங்கிய உடனே செய்ய வேண்டிய முதல் காரியம், அதன் முதுகுப் பக்கத்தின் இடது ஓரத்தில் உள்ள சின்ன பிளாஸ்டிக் நாக்கைப் பார்ப்பது. உடைபடாமல் இருந்தால் வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு உடைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை ரெக்கார்டு பட்டன் தவறிப் பட்டால் முகூர்த்தத்தின் மேல் வெற்றுத்திரை பதிவாகிவிடும், அதை மீட்க வழியே கிடையாது. ஆடியோ கேசட்டில் இந்த நாக்கு மேல் ஓரத்தில் இரண்டு இருக்கும், பக்கத்துக்கு ஒன்று. மினி டிவி (MiniDV, சின்ன டிஜிட்டல் வீடியோ) கேசட்டில் நகர்த்தும் பித்தான்.

அடுத்தது பூஞ்சை. நம் ஊர் ஈரத்தில் இதுதான் முதல் எதிரி. கேசட்டின் ஜன்னல் வழியாகச் செல்போன் டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். சுற்றிய நாடாவின் பக்கவாட்டு முகம் கறுப்பாக, வழவழப்பாகத் தெரிய வேண்டும். ஊறுகாயின் மேல் படர்வதுபோல வெள்ளைத் திட்டோ இழையோ தெரிந்தால் அதை எந்தக் காரணத்துக்காகவும் டெக்கில் போடாதீர்கள். படம் தெரியாமல் போவதோடு முடியாது. விஎச்எஸ் நாடாவின் அகலம் 12.7 மி.மீ. அதில் படம் பதிந்திருக்கும் ஒவ்வொரு தடமும் 0.049 மி.மீ. மட்டுமே, அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் ஏறக்குறைய இருபது தடங்கள். நொடிக்கு 25 முறை சுழலும் உருளையில் உள்ள ஹெட் அந்தத் தடத்தைத் தடவிப் படிக்கிறது. பூஞ்சைத் தூள் ஹெட்டில் ஒட்டினால் படம் மறையும். அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் அது தொற்றும்.

பூஞ்சைக் கேசட்டை முதலில் காய வையுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் இரண்டு வாரம் கிடக்கட்டும். வெயிலில் வைப்பதும் ஹேர் டிரையர் அடிப்பதும் கூடாது. நாடா சுருங்கும், கேசட்டின் பிளாஸ்டிக் ஓடு வளையும். காய்ந்ததும் பூஞ்சை தூளாக உதிரும் நிலைக்கு வரும். கடைக்கு வெளியே, என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, அடிப்பக்கத்தின் ஐந்து திருகுகளைக் கழற்றுங்கள். உள்ளே நாடா போகும் வழியைப் படம் எடுத்த பிறகே எதையும் தொடுங்கள். நூல் உதிராத துணியை மடித்து நாடாவின் இருபுறமும் லேசாகப் பிடித்தபடி, ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரத்துக்குச் சுற்றுங்கள். துணி அழுக்கானதும் பக்கம் மாற்றுங்கள். உலர்ந்த துணிக்கே பெரும்பாலும் வந்துவிடும். வராத இடத்தில் 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுக்கொள்ளுங்கள், நாடாவில் ஊற்றக்கூடாது. சானிடைசர், டெட்டால், செண்ட் எதுவும் ஆகாது. கடைசியில் வேறு ஒரு சுத்தமான ஓட்டுக்குள் நாடாவை மாற்றிப் பூட்டுங்கள். இதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், ஆகவே இதற்குத் தனிக் கட்டணம். முதலில் யாருக்கும் வேண்டாத இருபது சினிமா கேசட்டில் பழகுங்கள். அதுவரை பூஞ்சை வேலையை ஒப்புக்கொள்ளாமல் இருப்பதே நேர்மை.

நாடா அறுந்திருந்தால் செலோடேப் ஒட்டவே கூடாது. வெயில் காலத்தில் அதன் பசை கசிந்து ஹெட்டை அடைத்துவிடும். தொடக்கத்திலோ முடிவிலோ அறுந்திருந்தால் சேதமான துண்டை வெட்டிவிட்டு, மிச்சத்தைச் சக்கரத்தின் கவ்வியில் நேராகச் செருகிவிடலாம், ஒட்டே வேண்டாம். நடுவில் அறுந்திருந்தால் இரண்டு பாதியையும் இரண்டு ஓடுகளில் போட்டுத் தனித்தனியே பதிவுசெய்து, கம்ப்யூட்டரில் சேருங்கள். ஒட்டுப் போட்ட இடம் ஹெட்டைத் தாண்டும்போது ஹெட் உடைந்துவிட்டால், ஒரு கேசட்டைக் காப்பாற்றப்போய் டெக்கை இழந்தவர்களாவோம்.

ஓடும்போது படம் முழுக்கப் புள்ளி அடித்தால் ஹெட்டைத் துடைக்க வேண்டும். பஞ்சு சுற்றிய குச்சி வேண்டாம், அதன் இழை ஹெட்டில் மாட்டிப் பிடுங்கும். ஜெராக்ஸ் தாளில் இரண்டு விரல் அகலத் துண்டைக் கிழித்து, அதே ஆல்கஹாலில் நனைத்து, ஹெட் உள்ள உருளையின் பக்கத்தில் அசையாமல் பிடியுங்கள். மறுகையால் உருளையின் மேல் முகத்தை மெதுவாகச் சுற்றுங்கள், நான்கைந்து சுற்று போதும். தாளை மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் அங்கேயே முறியும். பத்து நிமிடம் உலர விட்டுப் பிறகு மின்சாரம் கொடுங்கள்.

இனி பதிவு. சந்தையில் ஈசிகேப் என்ற பெயரில் வரும் மலிவான யுஎஸ்பி குச்சிகளில் பெரும்பாலானவை ஃபிரேமை, அதாவது வீடியோவின் தனித்தனிப் படங்களை, விழுங்கும். மூன்று மணி நேரக் கேசட்டின் முடிவில் வாய் அசைவும் சத்தமும் ஒட்டாமல் போவது இதனால்தான். ஏவியை எச்டிஎம்ஐ ஆக்கும் சின்னப் பெட்டியும் வேண்டாம். 4:3 படத்தை அகலத்துக்கு இழுத்து எல்லோரையும் குண்டாக்கிவிடும், அசைவில் கோடுகளையும் விடும். ஹாப்பாஜ் யுஎஸ்பி-லைவ்2 போன்ற கருவி இந்த வேலைக்குத் தாங்கும். டெக்குக்கும் அதற்கும் நடுவில் பானாசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10 அல்லது இஎஸ்15 டிவிடி ரெக்கார்டர் ஒன்றை வைத்துப் படத்தை அதன் வழியே கடத்தினால், கொடிபோல வளையும் செங்குத்துக் கோடுகள் நிமிர்ந்துவிடும். பழைய சாமான் கடையில் கண்ணில் பட்டால் வாங்கி வையுங்கள்.

டெக்கின் மெனுவில் நீலத்திரை வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். சிக்னல் கொஞ்சம் தளர்ந்தாலும் அது படத்தை மறைத்து நீலத்தைக் காட்டும், மங்கலாகவாவது கிடைத்திருக்க வேண்டிய நொடிகள் போய்விடும். பதிவளவு 720×576, நொடிக்கு 25 ஃபிரேம், இன்டர்லேஸ்டு (ஒரு ஃபிரேம் இரண்டு அரைப்படமாக வருவது). விர்ச்சுவல்டப்2 மென்பொருளில், தரம் குறையாமல் சுருக்கும் ஹஃப்ஒய்யூவி கோடெக் வைத்துப் பிடித்தால் மணிக்கு ஏறக்குறைய 35 ஜிபி ஆகும், மூன்று மணிக் கேசட்டுக்கு 100 ஜிபி. அதனால் 2 டிபி தனி டிஸ்க் ஒன்று வேண்டும். பதிவாகும்போது அந்தக் கம்ப்யூட்டரில் வேறு வேலை பார்க்காதீர்கள். நடுவில் ஆதார் பிரிண்ட் எடுத்தால் அந்த இடத்தில் ஃபிரேம் விழும்.

கொடுக்கும் பிரதியை எம்பி4 ஆக்குங்கள். அதற்கான ஹேண்ட்பிரேக் மென்பொருள் இலவசம். அதில் அரைப்படங்களைப் பிரித்துச் சரிசெய்யும் டீஇன்டர்லேஸ் பகுதியில் 'பாப்' முறையை எடுத்து ஃபிரேம் ரேட்டை 50 என்று வைத்தால், நாதஸ்வரக்காரர் விரல் அசைவும் மாலை மாற்றும் வேகமும் அன்று டிவியில் பார்த்தபடியே வழுக்கிக்கொண்டு வரும். 25இல் வைத்தால் அந்த ஓட்டம் பாதியாகக் குறையும். நொடிக்கு 5 மெகாபிட் போதும், மணிக்கு இரண்டேகால் ஜிபி வரும். பெரும்பாலான பென் டிரைவ் ஃபேட்32 என்ற கோப்பு அமைப்பில் வருகிறது. அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. ஆகவே மூன்று மணி நேரத்தை மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், வரவேற்பு என்று வெட்டிக் கொடுங்கள். பார்ப்பவர்களுக்கும் அது வசதி.

ஒரு சந்தர்ப்பத்தை மட்டும் குறிப்பாகச் சொல்ல வேண்டும். "ஏற்கெனவே விசிடி போட்டாச்சு, அதையே மாத்திக் குடுங்க" என்பார்கள். விசிடி படம் 352×288தான், கேசட்டிலிருந்து நீங்கள் பிடிப்பதில் கால் பங்கு. "கேசட்டைத் தூக்கிப் போட்டுட்டீங்களா, பரணில் இருக்கா?" என்று கட்டாயம் கேளுங்கள். இருந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும்.

2000க்குப் பிந்தைய கல்யாணங்கள் பல மினி டிவியில் இருக்கும். அதை எடுத்த பானாசோனிக் எம்டி 10000 கேமரா உங்கள் கடையிலேயே கிடக்கலாம். கேசட்டை அதில் போட்டு, ஃபயர்வயர் கேபிள் வழியாக எடுங்கள். யுஎஸ்பியில் வரும் படம் தரம் குறைந்தது. ஃபயர்வயரில் கேசட்டில் உள்ள தரவே அப்படியே கோப்பாக இறங்கும், மணிக்கு 13 ஜிபி.

ஆடியோ கேசட்டைச் சின்ன வேலை என்று ஒதுக்காதீர்கள். துபாயிலிருந்தும் சவுதியிலிருந்தும் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட்டுகள் பல வீடுகளில் உள்ளன. பேசியவர் இன்று உயிரோடு இல்லையென்றால் அவர் குரல் அதில் மட்டும்தான் இருக்கும். அதில் பெரும்பாலும் கெட்டுப்போவது, நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சின்ன ஃபெல்ட் துண்டு. பசை காய்ந்து அது விழுந்திருந்தால் குரல் தூரத்தில் கேட்கும். நாடாவை வேறு ஓட்டுக்கு மாற்றினால் சரியாகிவிடும். ஹெட்டின் பக்கத்துத் திருகைக் கால் சுற்றுக்குள் மெல்லத் திருப்பி, 'ச', 'ஸ' ஒலிகள் தெளிவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாகப் பிடித்தால் மணிக்கு ஒரு ஜிபி. இரைச்சல் நீக்கியை அளவாகப் போடுங்கள். அதிகம் போட்டால் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல ஆகிவிடும்.

கட்டணத்தைக் கேசட்டுக்கு இவ்வளவு என்று சொல்லாதீர்கள், பதிவு ஓடும் மணிக்கு இவ்வளவு என்று சொல்லுங்கள். மூன்று மணிக் கேசட்டை மூன்று மணி நேரம் ஓட்டித்தான் ஆக வேண்டும், குறுக்கு வழி இல்லை. உதாரணத்துக்கு மணிக்கு 300 ரூபாய் வைத்துக்கொள்வோம். இரண்டு டெக், இரண்டு பதிவுக் கருவி, ஒவ்வொன்றும் நாளுக்கு ஐந்து மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் 250 மணி, அதாவது 75,000 ரூபாய். அது முழுக்க நிரம்பினால் வரும் கணக்கு. மூன்றில் ஒரு பங்கு, 25,000 என்று எடுத்துக்கொண்டு திட்டமிடுங்கள், அதிலும் பத்தில் ஒரு பங்கை டெக் பழுதுக்கென்று தனியே வையுங்கள். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது.

சினிமா கேசட்டை மாற்றித் தரக் கேட்டால் மறுத்துவிடுங்கள், அது காப்புரிமை மீறல். கல்யாண வீடியோவிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்தக் காலத்தில் ஸ்டுடியோக்காரர்கள் பின்னணியில் சினிமாப் பாட்டைத்தான் போட்டார்கள். வாடிக்கையாளர் அதை யூடியூபில் ஏற்றினால் பாட்டு நிறுவனத்தின் உரிமைக் கோரல் வரும், சில நேரம் வீடியோவே முடக்கப்படும். கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

வாங்கும்போது கேசட்டுக்கு எண் ஒட்டி, மேல் கீழ் இரண்டு பக்கமும் படம் எடுத்து, இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: நாடா பழையது, ஓட்டும்போது அறுந்தால் கடை பொறுப்பில்லை; படம் வராவிட்டால் கட்டணம் இல்லை. இரண்டாவது வரியைப் பார்த்துத்தான் ஊரில் நம்பிக் கொடுப்பார்கள். கோப்பை 30 நாள் வைத்திருந்து, அழிக்கும் முன் போன் செய்து, "ரெண்டு இடத்துல காப்பி எடுத்து வச்சாச்சா?" என்று கேளுங்கள். மூலக் கேசட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது முழுதும் பின்னோக்கிச் சுற்றி, உறைக்குள் நூலகத்துப் புத்தகம்போல நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள். படுக்கவைத்தால் நாடாவின் எடை ஓரத்தில் இறங்கி மடியும்.

விளம்பரத்துக்குச் செலவு செய்யும் முன் உங்கள் கடைப் பரணில் ஏறிப் பாருங்கள். அப்பா எடுத்த கல்யாணங்களின் மூலக் கேசட்டுகள் பெயரும் தேதியும் எழுதி அங்கே அடுக்கியிருக்கலாம். வாடிக்கையாளர் வீட்டில் இருப்பது அதன் பிரதி, உங்களிடம் இருப்பது மூலம். படம் ஒரு படி தெளிவாக இருக்கும். பழைய பில் புத்தகத்தில் விலாசத்தைப் பார்த்து ஒரு தெருவிலிருந்து விசாரிக்கத் தொடங்குங்கள்.