அழைப்பிதழில் பாட்டியின் பெயரை முதலில் போடுங்கள்

"என்னை வளர்த்த பாட்டியை என் திருமணத்தில் எப்படிக் கௌரவிக்கலாம்? பரிசாக என்ன வாங்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். தாத்தாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததால், உங்கள் பாட்டி கணவரை இழந்தவர் என்றே வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் பட்டுப்புடவையும் வளையலும் பிறகு. முதலில் அழைப்பிதழை எடுத்துப் பாருங்கள். 'அமரர்' என்று தாத்தாவின் பெயர் இருக்கும். இத்தனை காலம் உங்களுக்குச் சோறூட்டியவரின் பெயர் இருக்காது. என் கல்யாண அழைப்பிதழின் முதல் மாதிரி அப்படித்தான் வந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் பினாங்கின் பெருநிலப் பக்கம், பட்டர்வொர்த்தில் வளர்ந்தவள். பாட்டி, அம்மாவைப் பெற்றவர், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் இருட்டிலேயே நிரைக்கு, அதாவது தங்களுக்கு ஒதுக்கிய மரவரிசைக்கு, போய்விடுவார்கள். மழை பெய்தால் மரம் சீவ முடியாது, கூலியும் குறையும். தாத்தா இறந்தபோது மாமா கைக்குழந்தை. அந்தக் கூலியில்தான் இரண்டு பிள்ளைகளும் வளர்ந்தார்கள்.

1972இல் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை தொடங்கிய பிறகு, தோட்டத்துப் பெண்கள் பலர் மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். 1985இல் பினாங்குப் பாலம் திறந்தது. அதன்பின் அம்மாவும் தொழிற்சாலை பஸ் ஏறித் தீவுக்கு ஷிப்டு வேலைக்குப் போனார். எங்கள் அடுக்குமாடியில் அப்படிப் போன அம்மாக்கள் நிறைய. பிள்ளைகளுக்குப் பசியாறக் கொடுத்து, தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவர்கள் பாட்டிமார். பினாங்கின் தொழில் வளர்ச்சியைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் இவர்களின் உழைப்பை எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை.

என் தமிழ்ப்பள்ளித் தேர்ச்சிப் புத்தகத்தில் பாதுகாவலர் கையொப்பம் இடும் இடத்தில் பல தவணைகளுக்குப் பாட்டியின் கைநாட்டுதான் இருக்கிறது. பள்ளிக்கூடம் ஏற்றுக்கொண்ட பாதுகாவலரைக் கல்யாணப் பத்திரிகை ஏற்றுக்கொள்ளாதா? இதைத்தான் மாமாவிடம் கேட்டேன். தாலித் தட்டையும் பாட்டி தொட்டு ஆசீர்வதிக்கட்டும் என்றேன்.

"பெயரைப் போடலாம். ஆனால் தாலித் தட்டைத் தொடுவதெல்லாம் வேண்டாம். அம்மாவே வேண்டாம் என்கிறார், நீ ஏன் பிடிவாதம் பிடிக்கிறாய்?" என்றார். அவரை வளர்த்ததும் இதே கைகள்தான்.

சடங்கு சம்பிரதாயம் தெரியாதவள் என்று யாரும் கருத்து எழுத வர வேண்டாம். தைப்பூசத்துக்குப் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பவள் நான். எங்கள் குருக்களிடமும் கேட்டேன். வளர்த்தவர் ஆசி கொடுக்க எந்தத் தடையும் இல்லை என்றுதான் அவர் சொன்னார். மாமாவின் மீதும் எனக்கு வெறுப்பு இல்லை. ஊர் வாய்க்குப் பயந்தார், அவ்வளவுதான்.

பாட்டி வேண்டாம் என்றது உண்மை. ஆனால் கூடத்தில் நாலு பேர் நடுவில் கேட்டால் வேறு என்ன சொல்வார்? நலுங்கு, வளைகாப்பு என்று எதுவானாலும் பின்வரிசையில் நின்றே பழகியவர். அவர் தனியாக இருக்கும்போது கேட்டேன். "மாப்பிள்ளை வீட்டார் ஏதாவது சொன்னால் உனக்குத்தானே கண்ணு கஷ்டம்?" என்றார். தடை அதுதான். உடனே என் வருங்கால மாமியாரிடம் போய்ப் பேசினேன். கல்யாணத்தன்று மண்டபத்தில் அத்தையே தட்டை எடுத்துக்கொண்டு பாட்டியிடம் வந்து, "அம்மா, நீங்கள்தான் முதலில் தொட்டு ஆசீர்வதிக்க வேண்டும்" என்றார். பாட்டி தொட்டார். மாமாவும் வாய் திறக்கவில்லை.

அன்றைக்கு அவரை வீட்டிலிருந்து கீழே இறக்கியதே பெரும் பாடு. லிஃப்ட் வழக்கம்போல் பழுது. தம்பியும் அவன் நண்பர்களும் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி வந்தார்கள். மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறோம். அந்தக் கட்டடத்தில் முழங்கால் வலியோடு எத்தனை முதியவர்கள் கோயிலுக்குக்கூடப் போக முடியாமல் அடைந்து கிடக்கிறார்கள்! நிர்வாகக் குழுவுக்கு எழுதினால் 'உதிரிபாகம் வரவில்லை' என்று பதில் வரும். தேர்தல் நேரத்தில் மட்டும் லிஃப்ட் எப்படி ஓடுகிறது என்று யாராவது விளக்கட்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பரிசை மேடையில் கொடுத்துப் படம் எடுப்பதற்கு முன்னால், பாட்டியிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். மறுத்தால், யாருடைய பேச்சுக்கு அஞ்சுகிறார் என்று கேளுங்கள். அந்த ஆளையே நேரில் போய்ப் பாருங்கள். எவ்வளவு பேசியும் அவர் மனதார வேண்டாம் என்றால் வற்புறுத்த வேண்டாம். அப்போதும் முன்வரிசையில் அவருக்கு ஒரு நாற்காலி உங்கள் பொறுப்பு. அச்சகத்துக்கு அனுப்பும் முன் அழைப்பிதழ் வாசகத்தை எப்படி மாற்றுவது என்று தெரியவில்லையென்றால் கீழே கேளுங்கள், எங்கள் வாசகத்தை அப்படியே தட்டச்சு செய்து போடுகிறேன்.