எங்கே காத்திருக்கிறீர்கள்?

பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்துத் தங்கள் வேலைக்கேற்ற கணினியை அமைக்க விரும்பும் வாசகர்களுக்கு இந்த இதழின் பக்கங்கள். பதினான்கு ஆண்டுகளாக ஓர் அனிமேஷன் கூடத்தின் ரெண்டர் கணினிகளை (காட்சியைக் கணக்கிட்டு இறுதிப் படமாக்கித் தருபவை) அமைத்துப் பராமரித்து வருகிறேன். வந்த கடிதங்களில் பாகங்களின் பட்டியல் நீளமாக இருந்தது. அந்தக் கணினியில் என்ன வேலை நடக்கப்போகிறது என்பதைச் சிலரே எழுதியிருந்தார்கள். விரிவாக எழுதியவர்களின் கேள்விகளையே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, முப்பரிமாண அனிமேஷன் படிக்கிறேன். பிளெண்டர் மென்பொருளில் பாத்திரங்களை உருவாக்கி, அசைவு கொடுத்து, அதன் ரெண்டர் பகுதியான சைக்கிள்ஸில் ரெண்டர் செய்கிறேன். இப்போதுள்ள கணினியில் பாத்திரத்தின் கையை அசைத்தாலே திரை திக்கித் திக்கி நகர்கிறது. 24 கோர் பிராசஸர் வாங்குவதா, பெரிய கிராபிக்ஸ் கார்டு வாங்குவதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
(ஓர் அனிமேஷன் மாணவர்)

பதில்: இரண்டையும் ஒரு வாரம் தள்ளி வையுங்கள், தம்பி. அந்த ஒரு வாரமும் இப்போதுள்ள கணினியைக் கவனியுங்கள். வேலை செய்யும்போது எந்தெந்த இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். கோப்பு திறக்கும்போதா, அசைவு கொடுக்கும்போதா, ரெண்டரிலா? ஒவ்வொரு காத்திருப்புக்கும் பொறுப்பான பாகம் வேறு.

உங்கள் கடிதத்திலேயே ஒன்று தெரிகிறது. பாத்திரத்தின் கையை அசைக்கும்போது, எலும்பு அசைய, அதன்பின் தோல் அசைய, அதன்மேல் உடை அசைய என்று கணக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. முந்தையது முடியாமல் அடுத்ததைத் தொடங்க முடியாது. எனவே வேலையின் பெரும்பகுதி ஓரிரு கோர்களின் (பிராசஸருக்குள் தனித்தனியே கணக்குப் போடும் பகுதிகள்) தலையில் விழுகிறது, மற்றவை சும்மா இருக்கின்றன. இதைக் கண்ணால் பார்க்கலாம். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பிராசஸர் வரைபடத்தின்மேல் வலது கிளிக் செய்து, ஒவ்வொரு த்ரெட்டையும் (கோர் ஏற்று நடத்தும் வேலை வரிசை) தனித்தனியே காட்டச் சொல்லுங்கள். 16 த்ரெட் உள்ள பிராசஸரில் ஒரே ஒரு த்ரெட் மூச்சுமுட்ட ஓடினாலும் மொத்தக் கணக்கு 6 சதவீதம் என்றுதான் காட்டும். அந்த 6 சதவீதத்தைப் பார்த்துவிட்டு, பிராசஸருக்கு வேலையே இல்லை, கார்டுதான் போதவில்லை என்று முடிவுகட்டிப் பெரிய கார்டு வாங்கியவர்களை நான் அறிவேன். புதிய கார்டிலும் கை திக்கித்தான் அசைந்தது. உங்களுக்கு வேண்டியது ஒற்றைக் கோரின் வேகம் அதிகமுள்ள பிராசஸர். 8 கோர் இருந்தால் போதும்.

ரெண்டர் வேறு கதை. சைக்கிள்ஸ் கிராபிக்ஸ் கார்டில் ஓடும்போது, கார்டின் வேகத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியது அதன் சொந்த நினைவகம். காட்சியில் உள்ள வடிவங்கள், அவற்றின்மேல் போர்த்தும் படங்களான டெக்ஸ்ச்சர்கள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். வட்டில் 3 எம்பி இருக்கும் ஜேபெக் படம் கார்டுக்குள்ளும் 3 எம்பிதான் பிடிக்கும் என்று நினைத்துவிடுகிறோம். சுருட்டி வைத்த பாயை விரித்தால் தரை அடைபடுவதுபோல, அந்தப் படம் கார்டுக்குள் போகும்போது முழுதாக விரிந்துவிடுகிறது. 4கே டெக்ஸ்ச்சர் என்றால் 4096 × 4096 புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட், மொத்தம் 64 எம்பி. 8கே என்றால் 256 எம்பி. ஒரு பாத்திரத்துக்கு 8கே அளவில் ஐந்து டெக்ஸ்ச்சர் வைத்தால் 1.25 ஜிபி போய்விடும். ஆறு பாத்திரங்கள் நின்றால் 7.5 ஜிபி. வீடு, மரம், தெரு, முடி எதுவும் இன்னும் கணக்கில் வரவில்லை.

எங்கள் கூடத்தில் ஒரு திருவிழாக் காட்சி 8 ஜிபி கார்டில் ஏற மறுத்து, நினைவகம் போதவில்லை என்ற ஒற்றை வரியுடன் நின்றது. பெரிய கார்டு கேட்டு எழுதிவிடலாம் என்றார்கள். நான் காட்சியைத் திறந்து கூட்டத்தில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். கடைசி வரிசையில் நின்றவரின் முகம் திரையில் என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அந்த முகத்துக்கு 8கே தோல். பின்வரிசை முழுவதற்கும் 1கே அளவை மாற்றினேன். ஒரு டெக்ஸ்ச்சருக்கு 256 எம்பி போன இடத்தில் 4 எம்பி போதுமானது. காட்சி அதே கார்டில் ஏறியது, படத்தில் எந்த வித்தியாசத்தையும் யாராலும் காட்ட முடியவில்லை. பிளெண்டரின் சிம்ப்ளிஃபை பகுதியிலேயே டெக்ஸ்ச்சர் அளவுக்கு வரம்பு வைக்கலாம். இந்தப் பழக்கத்தை மாணவப் பருவத்திலேயே பிடித்துக்கொண்டால் பிற்பாடு பெரிய தொகை மிச்சம்.

அப்படியும் 12 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள். 16 ஜிபி கிடைத்தால் நிம்மதி. வேகம் கொஞ்சம் குறைந்தாலும் நினைவகம் கூடிய கார்டையே எடுங்கள். வேகம் குறைந்த கார்டு ரெண்டரைத் தாமதமாகவாவது முடித்துத் தரும். நினைவகம் போதாத கார்டு பாதியில் நின்றுவிடும், அல்லது கணினியின் ராமைக் கடன் வாங்கிக்கொண்டு ஊர்ந்துபோகும்.

கேள்வி: என்னிடம் 12 ஜிபி கார்டு ஒன்று இருக்கிறது. இன்னொன்று சேர்த்தால் 24 ஜிபி ஆகிவிடும் அல்லவா?
(உள்ளரங்க வடிவமைப்பாளர்)

பதில்: ஆகாது. இரண்டு கார்டும் ஒரே காட்சியின் முழுப் பிரதியைத் தனித்தனியே வைத்துக்கொண்டுதான் வேலை செய்யும். ரெண்டர் ஏறக்குறைய இருமடங்கு வேகமாகும், ஆனால் காட்சியின் அளவு 12 ஜிபிக்குள்தான் இருக்க வேண்டும். நினைவகத்தைப் பகிர வழிசெய்யும் என்விலிங்க் இணைப்பு ஆர்டிஎக்ஸ் 3090 வரை இருந்தது. அடுத்து வந்த 4090-இல் என்விடியா அதை எடுத்துவிட்டது.

வேகத்துக்காகவே இரண்டாவது கார்டு வேண்டுமென்றால் மதர்போர்டின் கையேட்டைப் படியுங்கள். இரண்டாவது துளை பார்வைக்கு முதலாவதைப் போலவே நீளமாக இருக்கும், பல போர்டுகளில் உள்ளே தரவு செல்லும் தடங்கள் நான்குதான் இணைக்கப்பட்டிருக்கும். ரெண்டருக்கு அது பெரிய குறையில்லை, காட்சி ஏறச் சற்று நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். வெப்பம்தான் உண்மையான சிக்கல். கீழ்க் கார்டு வெளியே தள்ளும் சூட்டை மேல் கார்டு உறிஞ்சிக்கொண்டு, தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ளங்கை நுழையும் அளவுக்கு இடைவெளி இல்லையென்றால் இந்த யோசனையைக் கைவிடுங்கள்.

கேள்வி: பவர் சப்ளை எத்தனை வாட் வாங்க வேண்டும்? கூட்டிப் பார்த்தால் 600 வருகிறது. 650 போதுமா?
(விளம்பரப் படக் கலைஞர்)

பதில்: இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். மக்கள் கடைசியில் மிஞ்சிய பணத்தில் வாங்கும் பாகம் இது. அப்படி வாங்கி நான் இரண்டு நாள் பறிகொடுத்தேன். புதிதாக அமைத்த கணினி நாள் முழுவதும் ஒழுங்காக ஓடியது. ரெண்டர் பொத்தானை அழுத்திய நொடியில் பட்டென்று அணைந்து மறுபடி எழுந்தது. ராமைச் சந்தேகித்தேன், ஒவ்வொரு குச்சியாகக் கழற்றிச் சோதித்தேன். டிரைவரை மாற்றினேன். விண்டோஸையே அழித்துப் புதிதாக ஏற்றினேன். கடைசியில் பவர் சப்ளையை வெளியே எடுத்து அதன் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். பெட்டியின்மேல் 750 வாட் என்று கொட்டை எழுத்து. சீட்டில் 12 வோல்ட் வரிசைக்கு நேரே 45 ஆம்பியர். பெருக்கினால் 540 வாட். பிராசஸரும் கார்டும் உண்பது அந்த 12 வோல்ட்டைத்தான். மீதி வாட் எல்லாம் அவற்றுக்கு உதவாத மற்ற வோல்ட்டுகளில் இருந்தது.

கடையிலேயே அந்தச் சீட்டைப் படியுங்கள். 12 வோல்ட் ஆம்பியரை 12-ஆல் பெருக்கி வரும் எண்தான் உங்கள் பவர் சப்ளையின் உண்மையான பலம். அடுத்தது, கார்டுக்கு 450 வாட் என்று போட்டிருந்தால் அது சராசரிக் கணக்கு. கண்ணிமைப்பதைவிடக் குறுகிய நேரத்துக்கு அது வெகுவாக மேலே எகிறும். அந்த எகிறலைத் தாங்கவே 2022-இல் பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் 3.0 விதிகள் வந்தன. அதன்படி பவர் சப்ளை தன் அளவைப்போல் இருமடங்குச் சுமையை 100 மைக்ரோ நொடி தாங்க வேண்டும். ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள். உங்கள் 600-க்கு நான் 850 வாங்குவேன். 80 பிளஸ் தங்கம், வெள்ளி என்பவை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான அளவு மட்டுமே, அவற்றை வைத்துத் தரத்தை முழுதாக எடைபோட முடியாது.

இரண்டு எச்சரிக்கைகள். புதிய கார்டுகளின் சிறிய மின் இணைப்பி 600 வாட் வரை கடத்தக்கூடியது. 12 வோல்ட்டில் அது 50 ஆம்பியர், ஆறு கம்பிகளில் கம்பிக்கு 8-க்கும் மேல். பாதி நுழைந்து நின்றால் உருகிவிடும். விளிம்பில் இடைவெளியே தெரியாதபடி அழுத்துங்கள், முதல் 35 மில்லிமீட்டருக்குள் கம்பியை வளைக்காதீர்கள். மற்றொன்று, பழைய பவர் சப்ளையின் கழற்றி மாட்டும் கம்பிகளைப் புதியதில் ஒருபோதும் மாட்டாதீர்கள். முனை பொருந்தும், உள்ளே வரிசை மாறியிருக்கும். உங்கள் வேலை முழுவதும் இருக்கும் வட்டு ஒரு நொடியில் கருகிவிடும்.

கேள்வி: 64 ஜிபி ராம் வேண்டும். 16 ஜிபி குச்சிகள் நான்கு போட்டால் நான்கு துளையும் நிரம்பி அழகாக இருக்குமே?
(ஒரு வாசகர்)

பதில்: 32 ஜிபி குச்சி இரண்டு போடுங்கள். புதிய தலைமுறை ராமான டிடிஆர்5-இல் நான்கு குச்சி போட்டால் வேகம் இறங்கும். ரைசன் 7000 வரிசைப் பிராசஸர்களுக்கு ஏஎம்டி தரும் வேக அளவே இரண்டு குச்சிக்கு 5200, நான்குக்கு 3600 (நொடிக்கு இத்தனை மில்லியன் பரிமாற்றம்). இரண்டையும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது துளைகளில் செருகுங்கள். பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற ராம் வேக அமைப்பை இயக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பெட்டியில் அச்சிட்ட வேகத்துக்குக் கொடுத்த பணம் வீண்.

கேள்வி: திருமண வீடியோக்களைத் தொகுக்கிறேன். புதிய கேமராவின் 10 பிட் 4:2:2 எச்.265 கோப்புகள் டைம்லைனில் நகரவே மறுக்கின்றன. பெரிய கார்டு வாங்கலாமா?
(வீடியோ தொகுப்பாளர்)

பதில்: கார்டின் பருமனால் இது தீராது. நிற விவரத்தைக் கூடுதலாக வைத்து இறுக்கிச் சுருக்கிய அந்த வகைக் கோப்பைப் பிரித்துக் காட்டும் தனிச் சுற்று சில்லுக்குள் இருக்க வேண்டும். இன்டெலின் 11-ஆம் தலைமுறையிலிருந்து பிராசஸருக்குள்ளேயே வரும் கிராபிக்ஸில் அது இருக்கிறது. பெயரின் முடிவில் எஃப் என்ற எழுத்துள்ள பிராசஸர்களில் அந்தக் கிராபிக்ஸே கிடையாது, விலை குறைவு என்று அவற்றை எடுத்துவிடாதீர்கள். என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. அதுவரை பிராக்ஸி கோப்பு (எளிதில் ஓடும் தற்காலிகப் பிரதி) உருவாக்கித் தொகுத்துப் பாருங்கள். சில வேளை அதுவே போதும்.

கேள்வி: தொழில்முறைக் கார்டுதான் வாங்க வேண்டும் என்கிறார் விற்பனையாளர்.
(இயந்திர வடிவமைப்பாளர்)

பதில்: உங்கள் மென்பொருள் நிறுவனம் சான்றளித்த கார்டுகளின் பட்டியலை அதன் தளத்தில் பாருங்கள். சாலிட்வொர்க்ஸ், கேட்டியா போன்றவற்றில் தினமும் உழைப்பவருக்கு அந்தச் சான்று உதவும். கோளாறு வந்தால் பதில் சொல்ல ஆள் உண்டு. அனிமேஷனுக்கும் ரெண்டருக்கும் சாதாரணக் கார்டே போதும்.

கேள்வி: சகோதரி, பாகங்கள் எல்லாம் வந்துவிட்டன. என் மகள் தானே பூட்டுகிறேன் என்கிறாள். இத்தனை பணம் போட்ட பொருளாயிற்றே என்று பயமாக இருக்கிறது. விடலாமா?
(ஒரு தாய்)

பதில்: விடுங்கள், அம்மா. தான் பூட்டிய கணினி பழுதானால் எங்கே கை வைப்பது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். முழு மாலை ஒன்றை ஒதுக்கிக் கொடுங்கள். மதர்போர்டைக் கேபினட்டுக்குள் வைக்கும் முன்பே மேசைமேல் பிராசஸரையும் ராமையும் பொருத்தட்டும். பிராசஸரை அழுத்தக் கூடாது, முக்கோணக் குறியைப் பார்த்துத் தானாக உட்காரும்படி வைக்க வேண்டும். கூலரின் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், அதை உரித்துவிட்டாளா என்று நீங்களும் ஒருமுறை பாருங்கள். மானிட்டர் கம்பியை மதர்போர்டில் அல்ல, கார்டில் செருக வேண்டும்.

முதன்முதலாக இயக்கும்போது ஃபேன்கள் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். டிடிஆர்5 ராமும் மதர்போர்டும் ஒன்றையொன்று பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். பலர் பயந்துபோய் அந்த நேரத்தில்தான் அணைத்து அணைத்துப் போடுகிறார்கள். கால் மணி நேரம் ஆகும் வரை பவர் பொத்தான் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.