நாலு மணி நேரப் படம் இரண்டரை மணி நேரத்தில் முடிந்தால்...

கேள்வி: அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு, அவர் சின்ன வயதில் பார்த்து ரசித்த ‘சங்கம்’ இந்திப் படத்தின் டிவிடியை ஆன்லைனில் வாங்கினேன். ‘முழு நீளப் படம்’ என்று போட்டிருந்தார்கள். 2 மணி 35 நிமிடத்தில் முடிந்துவிட்டது. அம்மா ஆசையாகக் காத்திருந்த பியானோ பாட்டு வரவே இல்லை. “சீல் பிரித்தாச்சு, திருப்பி எடுக்க மாட்டோம்” என்கிறார் விற்றவர். என்ன செய்யலாம்?

பதில்: ராஜ் கபூர் இயக்கி 1964-இல் வந்த ‘சங்கம்’ கிட்டத்தட்ட 238 நிமிடம் ஓடும். தியேட்டரில் இரண்டு இடைவேளை விட்ட படம் அது. உங்களுக்கு வந்ததில் ஒன்றே கால் மணி நேரத்துக்கு மேல் காணோம். அதுவும் பியானோ பாட்டு! எதிரே நண்பன் கோபால், மனைவி ராதா. முகேஷின் குரலில் கதாநாயகன் சுந்தர் ‘தோஸ்த் தோஸ்த் நா ரஹா’ (நண்பன் நண்பனாக இல்லை) என்று பாடும்போது அந்த மூன்று முகங்களைப் பார்த்தால் போதும், கதை முழுக்கப் புரிந்துவிடும். ராதாவாக நடித்த நம் சென்னைக்காரர் வைஜயந்திமாலாவுக்கு இந்தப் படத்துக்காக ஃபிலிம்ஃபேர் விருதும் கிடைத்தது. அம்மா காத்திருந்ததில் வியப்பே இல்லை.

சரி, சீல் விஷயம். பிரித்துப் போட்டுப் பார்க்காமல் படம் வெட்டுப்பட்டது எப்படித் தெரியும்? விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லையென்றால், அதைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள். விளம்பரத்தை மாற்றிவிடுவதற்குள் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். பிளேயரில் மொத்த நேரம் தெரியும்படி ஒரு போட்டோ. இரண்டையும் வைத்து அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்லியாக வேண்டும், ஒரு மாதத்தில் தீர்த்தாக வேண்டும். நடக்கவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யுங்கள்.

அடுத்து வாங்கும்போது அட்டையில் நிமிடக் கணக்கைப் பாருங்கள். ‘ஒரே டிஸ்கில் மூன்று படம்’ வேண்டவே வேண்டாம்; நாலு மணி நேரப் படத்தை அப்படித் திணித்தால் முகமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். டிஸ்கின் அடிப்பக்கம் ஊதாவாக மின்னினால் அது பெரும்பாலும் கம்ப்யூட்டரில் எழுதிய பிரதி. கம்பெனியில் அச்சிட்டது வெள்ளி நிறத்திலோ லேசான தங்க நிறத்திலோ இருக்கும். புது டிஸ்க் வந்ததும் முதலில் நீங்களே போட்டு, பியானோ பாட்டு வரை ஓட்டிப் பார்த்துவிட்டு அம்மா கையில் கொடுங்கள்.