டிபெண்டண்ட் விசாவில் நர்சிங் படிக்க உதவித்தொகை கிடைக்குமா?

சகோதரி, நீங்கள் எழுதியதிலிருந்து எனக்குப் புரிந்தது இது: கணவர் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருக்கிறார், நீங்கள் டிபெண்டண்ட். இங்கிலாந்தின் லெஸ்டருக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஊரில் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்திருக்கிறீர்கள், ஆறு வயதில் மகன். இங்கே நர்சிங்கோ ரேடியோகிராஃபியோ படிக்க ஸ்காலர்ஷிப் உண்டா, அதற்கு எவ்வளவு மார்க் வேண்டும் என்பது கேள்வி.

மார்க் அப்புறம். இந்தப் படிப்புகளுக்கான அரசுப் பணம் யாருக்கு என்பதை முடிவு செய்வது உங்கள் விசாவும், படிப்பு தொடங்கும் தேதியும்தான்.

இங்கிலாந்தில் நர்சிங் மாணவர்களுக்கு முன்பு என்ஹெச்எஸ் (அரசு சுகாதாரச் சேவை) தரும் பர்சரி, அதாவது உதவித்தொகை, இருந்தது. 2017 ஆகஸ்ட் முதல் புதிதாகச் சேர்பவர்களுக்கு அது நின்றுவிட்டது. பலரும் இன்னும் 'பர்சரி' என்று சொல்வது பழக்க தோஷம். இப்போது இருப்பது என்ஹெச்எஸ் லேர்னிங் சப்போர்ட் ஃபண்ட். வருடத்துக்கு 5,000 பவுண்ட், திருப்பிக் கட்ட வேண்டாம், குடும்ப வருமானமும் பார்க்க மாட்டார்கள். 15 வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் இன்னும் 2,000. இது குடும்பத்துக்கு ஒரு தொகை, பிள்ளைக்கு ஒன்று அல்ல. மனநல நர்சிங், கற்றல் குறைபாடு நர்சிங், ரேடியோகிராஃபி, போடியாட்ரி (பாத சிகிச்சை), ஆர்த்தாப்டிக்ஸ் (மாறுகண் போன்ற பார்வைக் கோளாறுகளுக்கான சிகிச்சை) போன்ற ஆள் கிடைக்காத துறைகளுக்கு மேலும் 1,000. பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, டயட்டெடிக்ஸ், பாராமெடிக் படிப்புகளுக்கும் அந்த 5,000 உண்டு. பார்மசிக்கும் பயோமெடிக்கல் சயின்ஸுக்கும் கிடையாது. மைக்ரோபயாலஜி படித்தவர்கள் பயோமெடிக்கல் பக்கம் சாய்வது வழக்கம் என்பதால் இதைச் சொல்கிறேன்.

ஆனால் இதை வாங்க, ஸ்டூடண்ட் ஃபைனான்ஸ் இங்கிலாந்து என்ற அரசு அமைப்பு தரும் மாணவர் கடனுக்குத் தகுதி இருக்க வேண்டும். கடனை எடுத்தே ஆகவேண்டும் என்றில்லை, தகுதி இருந்தால் போதும். அந்தத் தகுதிக்குப் பொதுவான வழி, கோர்ஸின் முதல் கல்வியாண்டு தொடங்கும் நாளில் ஐஎல்ஆர் (இங்கே நிரந்தரமாக வசிக்கும் அனுமதி) கையில் இருப்பதும், அதற்கு முந்தைய மூன்று வருடம் இங்கே வசித்திருப்பதும். செப்டம்பரில் சேர்பவருக்கு அந்த நாள் செப்டம்பர் 1. அக்டோபரில் ஐஎல்ஆர் வரும், அதற்குள் சேர்ந்துவிடலாம் என்று அவசரப்படுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அப்படி நெருக்கத்தில் வந்தால் ஜனவரி சேர்க்கை உள்ள பல்கலைக்கழகத்தைத் தேடுவது மேல்.

இலங்கையிலிருந்து வந்து அகதி அந்தஸ்து பெற்றவர்களுக்கு இந்த மூன்று வருடக் கணக்கு கிடையாது. அகதி விண்ணப்பம் முடிவாகாமல் காத்திருப்பவர்களுக்கு இந்தப் பணம் வராது. சில பல்கலைக்கழகங்கள் தஞ்சம் கோரியவர்களுக்கென்றே தரும் சாங்சுவரி ஸ்காலர்ஷிப்தான் அவர்களுக்கு வழி. அதிலும் நர்சிங்கைச் சேர்த்திருக்கிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆக, இன்றைய நிலையில் உங்களுக்கு இது கிடைக்காது. சொந்தப் பணத்தில் சேர்ந்தாலும் பெரும்பாலான இடங்களில் வெளிநாட்டு மாணவர் கட்டணம் போடுவார்கள். அந்த வழியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்களுக்குப் பொருந்துவது அப்ரண்டிஸ்ஷிப், அதாவது சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே படிப்பது. இதற்கு ஐஎல்ஆர் தேவையில்லை. படிப்பதற்கென்று வாங்காத, வேலை செய்ய அனுமதியுள்ள விசாவும், தொடங்கும் நாளுக்கு முன் மூன்று வருட வசிப்பும் போதும். உங்களுக்கு இன்னும் ஒரு வருடம்தான் பாக்கி. நர்சிங் அசோசியேட் (நர்ஸுக்கு ஒரு படி கீழான பணி) இரண்டு வருடம், முழு நர்சிங் டிகிரி அப்ரண்டிஸ்ஷிப் சுமார் நான்கு வருடம். கட்டணம் உங்கள் தலையில் விழாது, மாதச் சம்பளமும் உண்டு. அதனாலேயே லேர்னிங் சப்போர்ட் ஃபண்ட் இவர்களுக்குக் கிடையாது. ரேடியோகிராஃபிக்கும் டிகிரி அப்ரண்டிஸ்ஷிப் இருக்கிறது, இடங்கள் குறைவு.

சிக்கல் எங்கே என்றால், பல ட்ரஸ்டுகள் (என்ஹெச்எஸ் ஆஸ்பத்திரிகளை நடத்தும் அமைப்புகள்) இந்த இடங்களைத் தங்களிடம் ஏற்கெனவே வேலை பார்ப்பவர்களுக்கே தருகின்றன. வெளியிலிருந்து போட்டால் பெரும்பாலும் பதிலே வராது. அதனால் இந்த ஒரு வருடத்தில் ஹெல்த்கேர் அசிஸ்டண்ட் வேலையில் நுழைந்துவிடுங்கள். கூடவே ஜிசிஎஸ்இ (இங்கே 16 வயதில் எழுதும் பள்ளித் தேர்வு) கணக்கு, ஆங்கிலத்துக்கு ஈடாக உங்கள் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை ஏற்பார்களா என்று கேளுங்கள். வெளிநாட்டுப் படிப்பு இங்கே எதற்கு ஈடு என்று சொல்லும் யுகே எனிக் சான்றிதழ் கேட்கலாம். அதுவும் போதாது என்றால் ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் லெவல் 2 என்ற கணக்கு, ஆங்கிலத் தேர்வுகளை எழுதவேண்டி வரும். விசா முடியும் தேதி படிப்புக்கு நடுவில் விழுந்தால், புதுப்பிக்க வாய்ப்பு இருக்கிறதா என்று ட்ரஸ்ட் பார்க்கும். கணவரின் வேலை நிலவரமும் அப்போது பேச்சில் வரும்.

மூன்று வருட வசிப்புக்குச் சின்ன விடுமுறைகள் கெடுதல் இல்லை. பிரசவத்துக்கு ஊருக்குப் போய் ஏழெட்டு மாதம் இருந்திருந்தால்தான் கேள்வி வரும். அப்படியானால் ரிட்டர்ன் டிக்கெட், வீட்டு வாடகை ஒப்பந்தம், கவுன்சில் டாக்ஸ் கடிதம் எல்லாம் எடுத்து வையுங்கள்.

பிற்பாடு ஐஎல்ஆர் கிடைத்து, முழுநேரப் படிப்புக்கே போகலாம் என்று தோன்றினால், 'ஏற்கெனவே டிகிரி இருக்கிறது, இரண்டாவது டிகிரிக்குக் கடன் தரமாட்டார்கள்' என்று யாராவது பயமுறுத்துவார்கள். பெரும்பாலான மற்ற படிப்புகளுக்கு அது சரி. நர்சிங்குக்கும் அதன் துணைத் துறைகளுக்கும் விலக்கு இருக்கிறது. டிகிரி இருப்பவர்களுக்கு இரண்டு வருட மாஸ்டர்ஸ் வழியாகவும் பதிவு பெறும் கோர்ஸ்கள் உண்டு, அவற்றுக்கும் இந்த ஃபண்ட் பொருந்தும். விண்ணப்பம் இலவசம். 'ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறேன்' என்று 300 பவுண்ட் கேட்கும் ஏஜெண்டிடம் போகாதீர்கள்.

அப்போது நினைவில் வைக்க வேண்டியது: ஒவ்வொரு வருடமும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பணம் மூன்று தவணையாக வரும், முதல் தவணை பல்கலைக்கழகம் உங்கள் பதிவை உறுதி செய்த பிறகுதான். செப்டம்பர் வாடகைக்கு அதை நம்பாதீர்கள். நம் ஆட்களுக்கு அதிகம் இழுத்தடிப்பது பெயர்: பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி, இவிசாவில் (ஆன்லைன் விசா பதிவில்) ஒரே பெயர், வங்கிக் கணக்கில் கணவர் பெயர் சேர்ந்தது, மகனின் பிறப்புச் சான்றிதழில் இனிஷியல் மட்டும். இவை ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் தாள் திரும்பி வரும். பிறப்புச் சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் சான்றளித்த மொழிபெயர்ப்பும் தயாராக இருக்கட்டும். வங்கிப் பெயரை இப்போதே சரி செய்துகொள்ளுங்கள்.

பிளேஸ்மெண்ட் (படிப்பின் பகுதியாக ஆஸ்பத்திரியில் பெறும் பயிற்சி) போக்குவரத்துச் செலவையும் அந்த ஃபண்டில் கேட்கலாம், ஆனால் கூடுதல் பகுதி மட்டும். பல்கலைக்கழகத்துக்குப் போய்வர 5 பவுண்ட், பிளேஸ்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு 11 பவுண்ட் என்றால் திரும்பக் கிடைப்பது 6. ரசீது இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

குடும்பத்தோடு வேல்ஸுக்கு மாறும் எண்ணம் இருந்தால், அங்கே படிப்பு முடிந்து இரண்டு வருடம் வேல்ஸிலேயே வேலை செய்வதாக ஒப்புக்கொள்பவருக்குக் கட்டணம் முழுவதும் அரசே கட்டும். ஸ்காட்லாந்தில் வசிப்பவருக்கு வருடம் 10,000 பவுண்ட் நர்சிங் பர்சரி. இரண்டிலும் விசா நிபந்தனை உண்டு.

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் ஃபவுண்டேஷன் ஸ்காலர்ஷிப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது ஏற்கெனவே பதிவு பெற்ற நர்ஸ்களுக்கும் மிட்வைஃப்களுக்கும்.

இந்த வாரம் லெஸ்டர் ஆஸ்பத்திரிகளின் அப்ரண்டிஸ்ஷிப் குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். இரண்டே கேள்வி: அடுத்த நர்சிங் அசோசியேட் பேட்ச் எந்த மாதம், வெளியாட்களை எடுப்பார்களா. நீங்கள் இங்கே வந்திறங்கிய தேதியையும் அதில் எழுதிவிடுங்கள்.