எச்1 ரொம்பப் பெரிதாக இருக்கிறது, எச்4 போடலாமா? – வாசகர் கேள்விகள்

வலைப்பக்கத்தை எழுதும் எச்டிஎம்எல்லில் தலைப்புக்கு எச்1 டேக் (குறி) போட்டால் எழுத்து ரொம்பப் பெரிதாக வருகிறது. எச்4 அளவாக இருக்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?

வேண்டாம். எச்1, எச்2 எல்லாம் எழுத்தின் அளவைச் சொல்பவை அல்ல. இது பக்கத்தின் தலைப்பு, இது அதற்குள் ஒரு பகுதி என்று அடுக்கைச் சொல்பவை. என்விடிஏ போன்ற திரைவாசிப்பானில் படிக்கும் பார்வையற்றவர் எச் விசையைத் தட்டித் தட்டித் தலைப்பு தலைப்பாகத் தாவுவார். 1ஐ அழுத்தினால் எச்1களுக்கு மட்டும் போவார். உங்கள் பக்கத்தில் அவருக்கு ஒன்றுமே சிக்காது. அளவுதான் பிரச்சினை என்றால், தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் எச்1க்கு எழுத்தளவு 1.4 ஆர்இஎம் (பக்கத்தின் அடிப்படை எழுத்தளவைப் போல 1.4 மடங்கு) என்று ஒரு வரி போடுங்கள், தீர்ந்தது.

பக்க அமைப்புக்கு டேபிள் கூடாது என்கிறார்களே, விலைப்பட்டியலுக்குமா?

விலைப்பட்டியல் டேபிள்தான். அதையும் டிவ்வாக (பொருள் எதுவும் சொல்லாத வெறும் பெட்டி டேக்) உடைப்பவர்களைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. மெனு இடப்பக்கம், செய்தி வலப்பக்கம் என்று நிறுத்த மட்டும் டேபிள் வேண்டாம். அதற்கு சிஎஸ்எஸ்ஸில் கிரிட் என்ற கட்ட அமைப்பு இருக்கிறது.

எழுத்துருவும் நிறமும் குறிக்கும் ஃபான்ட், நடுவில் நிறுத்தும் சென்டர் டேக்குகள் இன்றும் எல்லா பிரவுசரிலும் ஓடுகின்றன. பிறகு ஏன் ஒதுக்கினார்கள்?

ஓடுவதற்குக் காரணம், பழைய பக்கங்கள் கெட்டுவிடக் கூடாது என்று பிரவுசர்கள் காட்டும் தயவு. ஃபான்ட் டேக் நெட்ஸ்கேப் என்ற பழைய பிரவுசர் கொண்டுவந்தது. 1997 ஜனவரியில் வந்த எச்டிஎம்எல் 3.2 அதைத் தரநிலையில் சேர்த்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த 4.0, இதைத் தவிர்த்துவிடுங்கள் என்றது. தோற்றத்துக்கென்றே சிஎஸ்எஸ் 1996 டிசம்பரிலேயே தரநிலையாகியிருந்ததே! ஒவ்வொரு பக்கத்திலும் நிறத்தை எழுதிவைத்தவர், நிறம் மாற்ற அத்தனை பக்கத்தையும் திறக்க வேண்டியிருக்கும்.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த பக்கங்கள் நிறைய இருக்கின்றன. எழுத்துருப் பெயரை மட்டும் யூனிகோடு எழுத்துருவாக மாற்றினால் போதுமா?

போதாது. உள்ளடக்கமும் தோற்றமும் ஒட்டிக்கொண்டதற்கு இதைவிட மோசமான உதாரணம் கிடையாது. அந்தக் கோப்புகளில் தமிழே இல்லை. திரையில் ‘அம்மா’ என்று தெரியும் இடத்தில் உள்ளே இருப்பது ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, கே, எச். தமிழாகக் காட்டியது எழுத்துரு மட்டுமே. அதை எடுத்தால் வெறும் குப்பைதான் மிஞ்சும். தேடுபொறிக்கும் அது தமிழ் அல்ல.

பாமினியை யூனிகோடாக்கும் மாற்றி மென்பொருளில் போட வேண்டும்; ஆனால் முழுக் கோப்பையும் அப்படியே கொட்டாதீர்கள். டேக்குகள், இணைப்பு முகவரிகள், இடையில் வரும் ஆங்கிலச் சொற்கள் எல்லாம் விநோதத் தமிழாகிவிடும். இங்கே அந்தப் பழைய ஃபான்ட் டேக் உதவிக்கு வருகிறது: பாமினி என்று குறித்த பகுதிக்குள் இருக்கும் எழுத்தை மட்டும் மாற்றுங்கள், பிறகு டேக்கை நீக்குங்கள். கொம்பு வரும் எழுத்துகளை ஒருமுறை கண்ணால் பாருங்கள். பாமினியில் கொம்பு மெய்க்கு முன்னால் இருக்கும், யூனிகோடில் பின்னால். கொ, கோ தவறுவது அங்கேதான். கடைசியாக, எழுத்துக் குறியாக்கம் யுடிஎஃப்-8 என்ற அறிவிப்பும், மொழி தமிழ் என்ற குறிப்பும் சேருங்கள்.

டெயில்விண்ட் என்ற சிஎஸ்எஸ் தொகுப்பின் வகுப்புகள் (கிளாஸ்) பழைய ஃபான்ட் டேக்தானே, வேறு வேஷத்தில்?

பாதி உண்மை. ‘நீலம், தடித்தது, நடுவில்’ என்று எச்டிஎம்எல்லுக்குள்ளேயே எழுதுகிறோம். ஆனால் எந்த நீலம் என்பது ஒரே இடத்தில் இருக்கிறது, அங்கே மாற்றினால் எங்கும் மாறும். என் புகார் வேறு: அதைப் பழகியவர்கள் பட்டனுக்கும் டிவ், தலைப்புக்கும் டிவ் என்று போய்விடுகிறார்கள். ஃபயர்ஃபாக்ஸில் வியூ மெனு, பேஜ் ஸ்டைல், நோ ஸ்டைல் அழுத்தி, தோற்றத்தைக் கழற்றிப் பாருங்கள். அப்போதும் தலைப்பு தலைப்பாகத் தெரிந்தால் எதில் எழுதினாலும் எனக்குச் சம்மதம்.

இஎம் டேக் தமிழைச் சாய்த்து அசிங்கப்படுத்துகிறது. எழுத்தைத் தடிப்பாக்கும் பி (b) டேக்குக்கு மாறிவிடவா?

இஎம் ‘அழுத்திச் சொல்’ என்கிறது, சாய்ப்பது பிரவுசரின் வழக்கம். டேக் இருக்கட்டும். தமிழ்ப் பகுதிகளில் இஎம்முக்குச் சாய்வை நீக்கி, கொஞ்சம் தடிமன் கொடுங்கள்.