கணக்கீடு படித்த மகளும் கணினிப் பயமும்

ஹட்டனில் இருந்து எழுதிய அம்மாவுக்கு,

"கணக்கெல்லாம் இனிக் கம்பியூட்டரே செய்துவிடுமாமே, என் மகளுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. பேரேட்டில் பதிவது, எல்லாக் கணக்கு மீதிகளையும் ஒரே பட்டியலில் போட்டுச் சரிபார்க்கும் பரீட்சை மீதி எடுப்பது எல்லாம் குவிக்புக்ஸ், டாலி போன்ற கணக்கு மென்பொருட்களுக்கு நொடி வேலை. அது மட்டும் தெரிந்தவருக்கு இடம் சுருங்கிக்கொண்டுதான் வருகிறது.

ஆனால் போட்ட எண் தப்பென்றால் மென்பொருள் வாய் திறக்காது. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 15 வீதத்திலிருந்து 18 ஆனது. பழைய கோப்பைப் பிரதி எடுத்து, அந்த 15ஐ மாற்றாமல் விட்டால், ஒரு லட்சம் ரூபாய் பில்லுக்கு வரி 18,000க்குப் பதில் 15,000 என்று வரும். கூட்டல் கச்சிதமாக இருக்கும், திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. இதைப் பார்த்தவுடன் பிடிக்கிற ஆளைத்தான் கம்பெனிகள் தேடுகின்றன. அதற்கு மகள் உயர்தரத்தில் படித்த கணக்கீடு கட்டாயம் வேண்டும்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. நம் பிள்ளைகள் கொப்பியில் கோடு போட்டு அழகாகக் கணக்குச் செய்வார்கள்; அதையே எக்செலில் செய்யச் சொன்னால் திகைத்துப் போவார்கள். பொதுத் தகவல் தொழில்நுட்பப் பரீட்சையில் சித்தி பெற்றது மட்டும் இதற்குப் போதாது.

அதற்காக நகையை அடகு வைத்து டிப்ளோமாவில் சேர்க்க வேண்டாம் அம்மா, கொஞ்சம் பொறுங்கள். முதலில் உங்கள் சம்பளச் சிட்டையை மகளிடம் கொடுங்கள். ஈ.பி.எப் (ஊழியர் சேமலாப நிதி) கணக்கிடும் சம்பளம் 40,000 என்றால் உங்களிடம் 8 வீதம், 3,200 ரூபாய் பிடிப்பார்கள். நிர்வாகம் 12 வீதமாக 4,800 போட வேண்டும், ஈ.ரி.எப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம், 1,200. இந்த வீதங்களைத் தனித்தனிக் கட்டங்களில் எழுதி, சூத்திரம் அந்தக் கட்டங்களிலிருந்து எண்ணை எடுக்கும்படி அமைக்கட்டும். ஒரு வீதத்தை மாற்றினால் முழுத் தாளும் தானாக மாற வேண்டும். அது வந்துவிட்டால் பத்துப் பேருக்குப் போடட்டும், பிறகு வங்கி இணக்கக் கூற்று, அதாவது நம் கணக்கும் வங்கி தரும் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. கூகுள் ஷீட்ஸ் இலவசம், போனிலும் திறக்கும். ஆனாலும் விசைப்பலகையில் பழகுவது அவசியம். பாடசாலைக் கணினி அறையைப் பயன்படுத்த அதிபரிடம் கேட்டுப் பாருங்கள்.

இப்படிக் கை பழகிய பின் ஏ.ஏ.ரி என்ற கணக்கீட்டுத் தொழில்சார் படிப்பு, உயர் தேசிய டிப்ளோமா எதில் சேர்ந்தாலும் தடுமாற மாட்டாள். சர்வதேசக் கணக்காளர் தகுதியான ஏ.சி.சி.ஏ பரீட்சையையே இன்று கணினியில்தான் எழுதுகிறார்கள்.

சூத்திரம் எங்காவது சிக்கினால் கோப்பை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன்.